ஆமை, ஃபைட்டர், கோல்ட் ஃபிஷ், ஷார்க்... எல்லாத்தையும் ஒரே டேங்க்ல விடலாமா?

வியாசர்பாடிலேர்ந்து ஒரு பிரதர் கேட்டிருக்கார். வீட்ல ரெண்டடி டேங்க். அதுல ரெண்டு கோல்ட் ஃபிஷ், ஒரு ஃபைட்டர், ஏழெட்டு கப்பி, ரெண்டு ஷார்க், கண்ணாடிய க்ளீன் பண்ணட்டும்னு ஒரு சக்கர். இப்ப பசங்க அடம் புடிச்சு ரெண்டு இன்ச் ஆமைக்குட்டி ஒண்ணு வேற வாங்கியாச்சு. கடைக்காரர் "அதே டேங்க்ல விடுங்க சார், ஒண்ணும் ஆவாது, எங்க கடைல பாருங்க எல்லாம் ஒண்ணாதான இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிட்டாராம். ரெண்டு நாளா கப்பி எண்ணிக்கை குறையுது, ஒரு கோல்டுக்கு வால் கிழிஞ்சிருக்கு, ஆமையா இல்ல ஃபைட்டரா யாரு பண்றதுன்னு தெரியலங்கறார். கூடவே, நண்பர் ஒருத்தர் கிரேஃபிஷ் (கொடுக்கு வெச்ச பெரிய இறால் மாதிரி உயிர்) தரேன்னாராம், அதையும் விடலாமான்னு ஒரு கேள்வி.

பிரதர், ஆமைய இன்னைக்கே வெளிய எடுங்க, மத்தத பொறுமையா படிச்சுக்கலாம். ஒரு பிளாஸ்டிக் டப்பு, ஆமை ஓட்டு உயரத்துக்கு மேல கொஞ்சம் தண்ணி, ஏறி உக்கார ஒரு செங்கல், இப்போதைக்கு அது போதும். கிரேஃபிஷ் வேணாம்னு சொல்லிடுங்க. ஆமைய எடுத்துட்டா மீதி எல்லாம் நிம்மதியா இருக்கும்னும் நெனச்சுக்காதீங்க, இருக்கற மீன்லயே பாதிக்கு மேல ஒண்ணோட ஒண்ணு சேராது.

முதல்ல அந்த "கடைல ஒண்ணாதான இருக்கு" மேட்டர பேசிடலாம், ஏன்னா கொளத்தூர்ல மீன் வாங்கற பத்துல எட்டு பேரு இத பாத்துதான் ஏமாறாங்க. கடைல ஒரு டேங்க்ல மீன் எத்தன நாள் இருக்கும்? ஞாயித்துக்கிழமை கூட்டம் வந்தா அன்னிக்கே காலியாயிடும். அங்க இருக்கறது எல்லாமே குட்டி சைஸ், மாதவரம் செங்குன்றம் பக்கம் பண்ணைலேர்ந்து கவர்ல வந்து எறங்கின களைப்பு, தீனியும் கம்மியாதான் போடுவாங்க ஏன்னா போட்டா தண்ணி கெட்டுடும். அதுவும் ஒரு டேங்க்ல நூறு மீன் இருந்தா எந்த மீனும் "இது என் ஏரியா"ன்னு புடிக்க முடியாது, காலைல எட்டு மணி கும்மிடிப்பூண்டி ரயில்ல எவனும் ஜன்னல் சீட்டுக்கு சண்ட போடமாட்டான் பாருங்க, நிக்கவே இடமில்ல. அதே மீன உங்க வீட்டுக்கு கொண்டுவந்து பத்து பதினஞ்சா விட்டு, நல்லா தீனி போட்டு, ஒரு மாசம் வளத்தா அப்பதான் அதோட உண்மையான குணம் வெளிய வரும். கடைக்காரர் பொய் சொல்றாருன்னு நான் சொல்லல, அவருக்கு அந்த மூணு நாள்தான் தெரியும், உங்களுக்கு மூணு வருஷம்.

"சேருமா"ன்னு கேக்கறப்ப எல்லாரும் கடிக்குமா கடிக்காதான்னு மட்டும்தான் பாக்கறாங்க. கடி கண்ணுக்கு தெரியும். தெரியாம கொல்றது தண்ணி. ரெண்டு உயிருக்கு ஒரே தண்ணி ஒத்துவருமான்னு முதல்ல பாக்கணும், அதுக்கப்புறம்தான் வாய் சைஸ், குணம் எல்லாம்.

உங்க டேங்க்லயே பாருங்க. கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த தண்ணி மீன், 18லேர்ந்து 24 டிகிரிதான் அதுக்கு சுகம். ஃபைட்டருக்கு 25லேர்ந்து 29. நம்ம ஊர்ல மே மாசம் டேங்க் தண்ணி சாதாரணமா 31, 32 போவும், கோல்டு எப்படியோ சமாளிக்கும், ஆனா சூடு ஏற ஏற தண்ணில ஆக்சிஜன் நிக்காது. 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரைக்கும் புடிக்கற தண்ணி, 30 டிகிரில ஏழரைதான் புடிக்கும். அதனால கோல்டுக்கு காத்து பம்ப் நல்லா ஓடணும், தண்ணி கலங்கி பொரளணும். ஃபைட்டர் இதுக்கு நேர் எதிர். அதுக்கு மேல வந்து வெளிக்காத்த உறிஞ்சற தனி உறுப்பே தலைக்குள்ள இருக்கு, வயக்காட்டு தண்ணி, குட்டை மாதிரி அசையாத தண்ணில வாழற ஜாதி. அவ்ளோ பெரிய செட்டைய வெச்சுக்கிட்டு ஃபில்டர் ஓட்டத்துல எதிர்நீச்சல் போட்டா ஒரு வாரத்துல சோர்ந்து மூலைல ஒதுங்கிடும். ஆக ஒண்ணுக்கு நல்லது பண்ணா இன்னொண்ணுக்கு கெட்டது, இதுல எவனும் எவனையும் கடிக்கவே வேணாம்.

அப்புறம் கழிவு. மீன் சுவாசிக்கறப்பவும் கழிக்கறப்பவும் அம்மோனியா வரும், ஃபில்டர் பஞ்சுல இருக்கற பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கூட்டம் அத நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் விஷம், மூணாவது ஓரளவு பரவால்ல, வாரா வாரம் தண்ணி மாத்தி எடுத்துடலாம். இந்த பாக்டீரியா செட் ஆவ நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆவும். இதுல நம்ம ஏரியா ஆளுங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அம்மோனியாவோட விஷம் பிஎச், அதாவது தண்ணியோட காரத்தன்மை, ஏற ஏற கூடும். பிஎச் 7 இருந்தா மொத்த அம்மோனியால நூத்துல ஒரு பங்கு கூட விஷ ரூபத்துல இருக்காது, பிஎச் 8 ஆச்சுன்னா நம்ம ஊர் சூட்டுக்கு அஞ்சுலேர்ந்து ஏழு பங்கு. அதாவது அதே அழுக்கு, ஒம்போது பத்து மடங்கு விஷம். போர் தண்ணி ஊத்தறவங்க டேங்க்ல பிஎச் 8 சர்வ சாதாரணம்.

ரெண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு டேங்க்னா கணக்குக்கு 56 லிட்டர், கல்லு போட்டு மேல ரெண்டு இன்ச் விட்டா 45 லிட்டர் நிக்கும். அதுல ரெண்டு கோல்டு வளந்தாலே தாங்காது, கோல்டு சாப்பாட்டு ராமன், நாள் பூரா தின்னுட்டு நாள் பூரா கழியும். அதோட சக்கர், ஷார்க், இப்ப ஆமை. ஆமை ஒண்ணு போடற அழுக்கு அதே சைஸ் மீன விட பல மடங்கு, அது சாப்பாட்ட கிழிச்சு செதறடிச்சுதான் திங்கும்.

சரி தண்ணிக்கே வருவோம், வடசென்னைல தெருவுக்கு தெரு தண்ணி வேற. மெட்ரோ வாட்டர்னா புழல் ஏரி தண்ணியும் வரும், காட்டுப்பள்ளில 2010ல ஆரம்பிச்ச, கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கற மீஞ்சூர் பிளான்ட் தண்ணியும் வரலாம், எதுவா இருந்தாலும் குளோரின் இருக்கும். ஒரு நாள் பக்கெட்ல திறந்து வெச்சு காத்துக்கல் போட்டு விடணும், இல்ல ஆன்ட்டி குளோரின் சொட்டு போடணும். ராயபுரம், காசிமேடு, திருவொத்தியூர்னு கடல் ஓரமா போனா போர் தண்ணியே உப்பு கரிக்கும். உள்ள பெரம்பூர், கொளத்தூர்ல உப்பு கம்மி ஆனா கடினத் தண்ணி, ஷவர்ல வெள்ளையா படியுதே அதுதான். இந்த கடினத் தண்ணி கப்பி, மோலி, பிளாட்டிக்கு அமிர்தம். அதே தண்ணி நியான் டெட்ரா, டிஸ்கஸுக்கு ஆவாது, அதுங்க அமேசான் பக்கம், மென்மையான லேசா புளிப்பான தண்ணி கேக்கற ஜாதி. அதனால "நியானும் மோலியும் ரெண்டும் சாதுதான, சேர்த்து விடலாமா"ன்னு கேட்டா, சண்ட போடாது, ஆனா ரெண்டுல ஒண்ணு எப்பவும் அரை உயிராதான் இருக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கு, மீனுக்கு நல்லது பண்றேன்னு கேன் தண்ணி வாங்கி ஊத்தறவங்க. அதுல தாது உப்பெல்லாம் வடிகட்டியாச்சு, பிஎச்ச தாங்கி புடிக்க ஒண்ணும் இல்ல, திடீர்னு ஒருநாள் சரிஞ்சு விழும். கேன் தண்ணிய நீங்களே குடிங்க. தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க, பேனா சைஸ், சில நூறு ரூபாதான், உங்க குழாய் தண்ணி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு ஏத்த மீன் வாங்கறது, மீன் வாங்கிட்டு தண்ணிய மாத்த போராடறத விட ஆயிரம் மடங்கு சுலபம்.

இப்ப ஆமை. கண்ணுக்கு பின்னாடி செவப்பு கோடு இருக்கான்னு பாருங்க. இருந்தா அது ரெட் இயர்டு ஸ்லைடர், அமெரிக்கா ஜாதி, கடைல விக்கறது பெரும்பாலும் அதான். செவப்பு கோடு இல்ல, ஓட்டுல நட்சத்திரம் மாதிரி கோடு, இல்ல வயித்து பக்கம் வெள்ளையா மடக்கு மூடி மாதிரி இருக்குன்னா அது நட்சத்திர ஆமையோ பால் ஆமையோ ஆவலாம். நம்ம நாட்டு ஆமைங்க 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வருது, வீட்ல வெக்கறதே குத்தம், பேசாம வனத்துறைகிட்ட ஒப்படைச்சிடுங்க.

ஸ்லைடர்னே வெச்சுக்குவோம். இப்ப ரெண்டு இன்ச், பொட்டையா இருந்தா பத்து பன்னண்டு இன்ச் வரைக்கும் போவும், ஒழுங்கா பாத்துக்கிட்டா 20, 30 வருஷம் இருக்கும், உங்க பையன் கல்யாணத்துக்கு அதுவும் வரும். குட்டியா இருக்கறப்பதான் அது கறி அதிகம் திங்கும், பெருசானா எலை தழை பக்கம் போவும். அதனால "குட்டிதான, மீன என்ன பண்ணிட போவுது"ங்கறது தலைகீழ் கணக்கு. காணாம போன கப்பி எங்க போச்சுன்னு நான் சொல்லணுமா. ராத்திரி மீன் அசையாம நிக்கறப்ப வால்லேர்ந்து ஆரம்பிக்கும், பெரிய மீனா இருந்தா முழுங்க முடியாது, கிழிச்சு கிழிச்சு விடும். கிழிஞ்ச இடத்துல பூஞ்சை புடிச்சு அந்த மீன் ஒரு வாரம் கழிச்சு சாவும், நீங்க நோய்னு நெனப்பீங்க. ஃபைட்டரும் இதுல கொஞ்சம் பங்காளிதான், ஆண் கப்பியோட கலர் வால பாத்தா இன்னொரு ஃபைட்டர்னு நெனச்சு பாயும், ஆனா கோல்டு வாலுக்கு காரணம் எனக்கு ஆமைதான்னு தோணுது.

சிலர் வேணும்னே ஆமைக்கு தீனியா கோல்ட் ஃபிஷ் குட்டி போடுவாங்க. அதுவும் நல்லதில்ல, கோல்டு ஒடம்புல வைட்டமின் பி1ஐ அழிக்கற ஒரு பொருள் இருக்கு, அதையே தின்னு வளந்த ஆமைக்கு அந்த சத்து கொறஞ்சு போவும்.

ஆமைக்கு வேண்டியதே வேற. முழுசா காயற மாதிரி ஒரு மேடு, அது மேல 32, 33 டிகிரி சூடு, வெயில்ல இருக்கற யூவிபி (புற ஊதா) வெளிச்சம். இது இல்லாம டேங்க் உள்ளயே கெடந்தா ஓடு மெத்து மெத்துன்னு ஆயிடும், எலும்பு வளையும். ஜன்னல் ஓரமா வெச்சிருக்கேன் வெயில் படுதுன்னு சொல்லாதீங்க, கண்ணாடி யூவிபிய தடுத்துடும். நம்மகிட்ட இல்லாதது வெயிலா, மொட்டை மாடில காலை வெயில் ஒரு அரை மணி, ஒரு மணி நேரம், டப்புல பாதி நெழல் இருக்கற மாதிரி வெச்சா போதும். காக்கா தூக்காம மேல வலை போடுங்க, மத்தியான வெயில்ல மறந்துட்டீங்கன்னா தண்ணி வெந்துடும்.

பசங்க இருக்கற வீடு, அதனால இதையும் சொல்லிடறேன், ஆமை மேல சால்மோனெல்லா கிருமி இருக்கும், ஆமைக்கு ஒண்ணும் பண்ணாது, நமக்கு வயித்தால போவும் காய்ச்சல் வரும். சின்னப் பசங்க வாய்ல வெச்சுடுவாங்கன்னுதான் அமெரிக்கால 1975லயே நாலு இன்ச்சுக்கு கம்மியான ஆமை விக்கக்கூடாதுன்னு தடை போட்டாங்க. தொட்டா சோப்பு போட்டு கைய கழுவணும், அந்த டப்பு தண்ணிய கிச்சன் சிங்க்ல கொட்டக்கூடாது.

ஷார்க்குன்னு குடுத்தது ஷார்க்கே இல்ல, கெளுத்தி வகை, மெகாங் நதி பக்கத்து மீன். மார்க்கெட்ல பாசான்னு ஃபில்லெட்டா விக்கறாங்களே, அதே ஜாதிதான் அனேகமா. அது ஒரு மீட்டருக்கு மேல வளரும், ரெண்டடி டேங்க்ல அது திரும்பவே முடியாது. பயந்த சுபாவம் வேற, லைட் போட்டா கதவ சாத்தினா பாய்ஞ்சு கண்ணாடில மூக்க ஒடச்சுக்கும். இத ரெண்டடி டேங்க்குக்கு விக்கறதே தப்புன்னு நான் சொல்வேன்.

சக்கர் விஷயம் கொஞ்சம் தந்திரமானது. குட்டியா பாசி நக்கும், எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு அடி ஆச்சுன்னா பாசிய கண்டுக்காது, ராத்திரி கோல்டு மாதிரி மெதுவா நகர்ற மீனோட ஒடம்புல ஒட்டிக்கிட்டு மேல இருக்கற வழவழப்ப உறிஞ்சும், காலைல பாத்தா மீன் மேல வட்டமா செவந்திருக்கும். க்ளீன் பண்ணும்னு வாங்கறோம், அது போடற கழிவு அது எடுக்கற பாசிய விட அதிகம். கண்ணாடி தொடைக்க ஒரு ஸ்பாஞ்ச் போதும்.

கிரேஃபிஷ் ராத்திரி அடில தூங்கற மீன கொடுக்கால புடிச்சு திங்கும், மூடி சரியா இல்லன்னா டேங்க்க விட்டு நடந்து போயி சோஃபா அடில கெடக்கும். தனியா வெச்சா அருமையான உயிர். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் எல்லாம் வாய்ல நொழையறத முழுங்கும், ஃபிளவர்ஹார்ன் ஜோடிகூட அனேகமா ஒத்துவராது. டைகர் பார்ப் நீள செட்டை கண்டா நறுக்கும், ஏஞ்சல் பெருசானா நியான முழுங்கும். எண்ணூர் முகத்துவாரம், பழவேற்காடு பக்கம் பசங்க புடிச்சுட்டு வர்ற மீன், நண்டு எல்லாம் பாதி உப்புத் தண்ணி உயிர், நல்ல தண்ணில சில நாள் தாக்குப்புடிக்கறத பாத்து செட் ஆயிடுச்சுன்னு நெனைக்கறாங்க, ஆவல.

பல ஜாதிய ஒண்ணா வெச்சா வர்ற இன்னொரு தலைவலி மருந்து, இத யாரும் யோசிக்கறதில்ல. வெள்ளப்புள்ளி நோய் வந்துச்சுன்னா காப்பர் மருந்து கேக்கும், ஆனா காப்பர் பட்டா இறாலும் நத்தையும் செத்துடும். கல்லுப்பு போட்டா மோலிக்கு கொண்டாட்டம், அடில இருக்கற கோரி மாதிரி கெளுத்திக்கு ஒத்துக்காது. அதுவும் வெள்ளப்புள்ளி கிருமி மீன் தோலுக்குள்ள இருக்கறப்ப மருந்து ஏறாது, வெளிய வந்து தண்ணில நீந்தறப்பதான் சாவும், அதனால புள்ளி மறைஞ்சதும் நிறுத்தாம இன்னும் சில நாள் போடணும். இதுக்குதான் புதுசா எந்த மீன் வாங்கினாலும் ரெண்டு மூணு வாரம் தனி டப்புல வெச்சு பாருங்கன்னு கத்தறேன். குளத்து மீன்ல ஊசி மாதிரி புழு, பேன் எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும், சாக்கடைல எடுக்கற டியூபிஃபெக்ஸ் புழுவ (மீன் தீனிக்கு விக்கற செவப்பு புழு) கழுவாம போட்டா அதுலயும் நோய் வரும்.

அப்ப நீங்க என்ன பண்ணணும். ஆமை தனி டப்பு, அது முடிஞ்சது. ஷார்க்கையும் சக்கரையும் வாங்கின கடைலயே திருப்பி குடுத்துடுங்க, காசு தராட்டி பரவால்ல. தயவு செஞ்சு ரெட்டேரிலயோ புழல்லயோ கொண்டுபோயி விட்டுடாதீங்க, சக்கர், ஸ்லைடர் ரெண்டுமே வெளில போனா நம்ம ஊரு மீன், ஆமைங்க எடத்த புடிச்சுக்கும், ஸ்லைடர் உலகத்துலயே மோசமான நூறு அந்நிய ஜாதிங்க பட்டியல்ல இருக்கு. ஃபைட்டருக்கு மூடியோட 15, 20 லிட்டர் டேங்க், சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஓட்டம் கம்மியா, ரெண்டு செடி. பாட்டில்ல வெக்காதீங்க, கடைல பாட்டில்ல இருக்கறது அதுக்கு பிடிச்சு இல்ல, இடம் பத்தாம.

கோல்டு ரெண்டும் வெச்சுக்கணும்னு ஆசை இருந்தா மூணடிக்கு ஒண்ணரைக்கு ஒண்ணரை பாருங்க, கிட்டத்தட்ட 190 லிட்டர், ஸ்டாண்ட் உறுதியா இருக்கணும். அதுல கோல்டோட கோல்டு மட்டும், அதுலயும் ஒராண்டா மாதிரி உருண்டை ஜாதிய ஒல்லி வால் ஜாதியோட போடாதீங்க, ஒல்லிங்க வேகமா வந்து தீனிய முடிச்சுடும், உருண்டைங்க பாத்துக்கிட்டே நிக்கும். பழைய ஃபில்டர் பஞ்ச புது டேங்க்குக்கு மாத்திக்கங்க, பாக்டீரியா கூடவே வந்துடும். குழாய் தண்ணில கழுவாதீங்க, குளோரின்ல அதுங்க செத்துடும், டேங்க் தண்ணிய கொஞ்சம் பக்கெட்ல எடுத்து அதுலயே அலசுங்க. வாரத்துக்கு கால் பங்கு தண்ணி மாத்தினா போதும், மொத்தமா கொட்டி கழுவற பழக்கம் இருந்தா விட்டுடுங்க.

ரெண்டடி டேங்க் இப்ப கப்பிக்கு. உங்க தண்ணி போர்னா கப்பியோட பிளாட்டி நாலஞ்சு சேர்க்கலாம், மோலியும் ஓகே, எல்லாம் ஒரே தண்ணி கேக்கற கூட்டம், யாரு வாய்லயும் யாரும் நொழையமாட்டாங்க. ஒரு ஆணுக்கு ரெண்டு பொட்டைங்கற கணக்குல விடுங்க, இல்லன்னா ஆண் தொரத்தியே பொட்டைய சாவடிச்சுடும். வரிக்குதிரை மீனு, சீப்ரா டேனியோன்னு சொல்வாங்களே, அது ஒரு ஆறு விட்டாலும் பரவால்ல, மூடி மட்டும் போடுங்க துள்ளும். புதுசு விடறப்ப லைட்ட அணைச்சுட்டு விடுங்க, உள்ள இருக்கற கல்லு செடிய கொஞ்சம் எடம் மாத்தி வெச்சுட்டு விட்டீங்கன்னா பழசு புதுசுன்னு எல்லாம் குழம்பி சண்ட கொறையும். கப்பி மாசத்துக்கு ஒரு தடவ குட்டி போடும், ஆறு மாசத்துல டேங்க் நெறைஞ்சிடும். அப்ப அத கொளத்தூர்ல எதாவது கடைல கேட்டு பாருங்க, நல்ல கலரா இருந்தா எடுத்துக்குவாங்க, காசு பெருசா வராது, ரெண்டு டப்பா தீனி வாங்கிக்கலாம்.